எங்களுக்குப் பிறகு மகன் யாரோடு இருப்பான்? கூட்டு இல்லம் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சாயங்காலம்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும்.

மகனுக்கு 31 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேசுவான், ஆனால் இரண்டு மூன்று சொல்தான் சேர்ந்து வரும். குளிப்பது, உடுத்துவது, துணி மடிப்பது எல்லாம் தானே செய்வான், துணி மடிப்பதில் என்னைவிட நேர்த்தி. காசு எண்ணத் தெரியாது, தனியாகச் சாலையைக் கடக்க முடியாது, ஷேவிங் அவன் அப்பாதான் செய்துவிட வேண்டும். எனக்கு 63 ஆகிறது, இவருக்கு 68.

இந்த வருடத் தொடக்கத்தில் இவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் மகனுக்கு ஷேவிங் இல்லை. நான் கிட்டே போனால் என் கையைத் தள்ளிவிட்டு, "அப்பா, அப்பா" என்று ரேசரைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டுவான். அவர் கட்டுப் போட்ட கையைக் காட்டுவார். இவன் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். தாடி வளர்ந்து அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து இரண்டு கன்னமும் புண்ணாகிவிட்டது. அதற்கு மருந்து போட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. 31 வருடமாக அவனை அப்படி இப்படி என்று பார்த்துப் பார்த்து வளர்த்தோம், ஷேவிங் செய்துவிட இரண்டாவதாக ஒரு ஆளைப் பழக்க எங்களுக்குத் தோன்றவே இல்லையே என்று.

மகள் "நான் பார்த்துக்கறேன்மா" என்கிறாள். மனதாரத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் அதைச் சொன்னபோது மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். அவரையும் குறை சொல்ல முடியாது. சொந்தக்காரர்களிடம் ஹோம் என்ற பேச்சை எடுத்தாலே "பெத்த பிள்ளையைத் தள்ளிவிடப் போறியா" என்கிறார்கள்.

மகன் போகும் பயிற்சி மையத்தில் பழக்கமான ஐந்து பெற்றோர் சேர்ந்து, ஒரு வீடு எடுத்து, ஆள் போட்டு, பிள்ளைகளை அங்கே ஒன்றாக வாழவைக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். எங்களையும் கூப்பிடுகிறார்கள். இதில் சேரலாமா, அல்லது ஏற்கெனவே நடக்கிற ஒரு இல்லமாகப் பார்ப்பதா? நல்ல இடம், மோசமான இடம் என்று ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரியுமா? எந்த வயதில் அனுப்புவது சரி? எல்லாவற்றுக்கும் மேலே, "உனக்கு இது வேண்டுமா" என்று அவனிடம் எப்படிக் கேட்பது? எதைக் கேட்டாலும் கடைசியாகச் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லுகிற பிள்ளை அவன்.


இரவுப்பணி:

அம்மா, இப்படிப்பட்ட மூன்று இல்லங்களில் 16 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் இரவு ஷிப்ட். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் 14 பேர் இருந்தார்கள். எல்லாருடைய துணியும் ஒரே அலமாரி. துவைத்து வந்ததும் அளவு பார்த்து எடுத்துக் கொடுப்போம். அதில் ஒருவர் தினமும் காலையில் அந்த அலமாரி முன்னால் நின்று ஒரு பச்சைச் சட்டையைத் தேடுவார். அவர் அக்கா வாங்கிக் கொடுத்த சட்டை. அது வேறு யார் உடம்பிலாவது இருக்கும். இவர் நேரே போய் அந்த ஆளின் காலரைப் பிடிப்பார். நாங்கள் உடனே பதிவேட்டில் "காரணமின்றி ஆக்ரோஷம்" என்று எழுதுவோம். என் கையாலேயே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். டாக்டர் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவார். அப்புறம் புதிதாக வந்த ஒரு மேற்பார்வையாளர் அம்மா செய்த முதல் வேலை, ஆளுக்கு ஒரு அலமாரி, ஆளுக்கு ஒரு சாவி. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒருவர் காலரையும் பிடிக்கவில்லை. மாத்திரையைக் குறைக்க மட்டும் இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

அதனால் பார்க்கப் போகும்போது கட்டிடத்தையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டூத் பிரஷ், துண்டு, சோப்பு அவரவருக்குத் தனியா? குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா (அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கிற மாதிரி)? எல்லாரும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டுமா? ராத்திரி எட்டு மணிக்கு வீடு முழுக்க விளக்கணைந்தால், அது வேலைக்காரர்கள் வசதிக்காக நடக்கிற வீடு. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது ஒரு தடவை, சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மாலை போவது இன்னொரு தடவை. சொல்லாமல் வரக் கூடாது என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இன்னொன்று, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊழியர்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா, அல்லது பின்னால் நின்றுகொண்டு தங்களுக்குள் பேசுகிறார்களா? தட்டு எடுத்து வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது இதெல்லாம் யார் செய்கிறார்கள்? ஊழியர் எல்லாவற்றையும் செய்து முடித்துக் கையில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் உங்கள் மகன் துணி மடிக்கிறதை இரண்டே வருடத்தில் மறந்துவிடுவான். கூட வைத்துக்கொண்டு, அவரால் முடிந்த பங்கை அவரே செய்கிற மாதிரி வேலை பார்ப்பதற்கென்றே ஒரு பயிற்சி முறை இருக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தின் டிசார்ட் மையத்தில் ஜிம் மேன்சல் போன்றவர்கள் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். வீடு சின்னதாக இருப்பது உதவும், ஆனால் ஊழியர் எப்படி வேலை செய்கிறார் என்பதுதான் அங்கே வாழ்கிறவரின் நாளை மாற்றுகிறது என்று திரும்பத் திரும்பத் தெரியவந்தது. என் அனுபவமும் அதுதான்.

மாத்திரை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மனநோய் எதுவும் இல்லாதவருக்கு நடத்தையை அடக்குவதற்காக மட்டும் மனநோய் மருந்து கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்தில் 2016இல் இதைக் குறைப்பதற்கென்றே தேசிய அளவில் ஒரு முயற்சி தொடங்கினார்கள், அந்த அளவுக்கு இது பரவலான பிரச்சினை. இங்கே எத்தனை பேர் அப்படி மாத்திரை சாப்பிடுகிறார்கள், கடைசியாக யாருக்கு, எப்போது குறைத்தீர்கள் என்று கேட்டால், பொறுப்பானவர் பெயர் சொல்லாமல் ஒரு பதில் சொல்லுவார். முழித்தால் சந்தேகப்படலாம்.

பேச்சு குறைந்தவர்களுக்கு வலி வந்தால் அது நடத்தையில்தான் வரும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல். மலச்சிக்கல் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் அதைக் கவனிக்காமல் விட்டு உயிரே போயிருக்கிறது. அதற்குப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ராத்திரி ஊழியர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்பதும் கேளுங்கள். வலிப்பு உள்ளவர் யாராவது இருந்தால், தூங்குகிறார் என்ற அந்த ஒரு பதிலுக்கே நீங்கள் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லலாம்.

கடைசியாக, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி அவனைப் பற்றி எழுத ஆரம்பியுங்கள். "கோபம் வரும்" என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "இடது காதைப் பொத்தினால் சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம், வெளியே கூட்டிப்போனால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுவான்" என்று எழுதினால் புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட அன்றைக்கே அவனைப் பார்த்துக்கொள்வான்.


ஆறுகுடும்பம்:

சகோதரி, பெற்றோர் சேர்ந்து வீடு நடத்துவது பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் ஆறு குடும்பம் அப்படித் தொடங்கினோம், இது 9ஆவது வருடம். என் மகளுக்கு 36. நல்லபடியாக இருக்கிறாள், அதனால் பயமுறுத்த வரவில்லை. ஆனால் நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதல் தவறு, ஒன்றரை வருடம் வீட்டைப் பற்றியே பேசினோம். எத்தனை அறை, என்ன தரை, சாய்வுதளம் எங்கே. அந்த ஆறு பேருக்கும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகுமா என்று யாரும் கேட்கவில்லை. பெற்றோருக்குள் ஒத்துப்போனது, அது போதும் என்று நினைத்துவிட்டோம். குடிவந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது, ஒரு பையனுக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவனுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. எட்டு மாதத்தில் அவன் வெளியேற வேண்டியதாகிவிட்டது. அவர்கள் போட்ட பணத்தை எப்போது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. 12 வருட நட்பு அதோடு முறிந்தது. அவர் மனைவி இன்றுவரை என் மனைவியிடம் பேசுவதில்லை.

எனவே வீடு தேடுவதற்கு முன்னால் அந்த ஆறு பிள்ளைகளையும் வார இறுதிகளில் ஒன்றாகத் தங்கவையுங்கள். ஒரு தடவை இரண்டு தடவை போதாது, ஆறு மாதமாவது. அப்புறம் எழுத்தில் இருக்க வேண்டியவை: ஒரு குடும்பம் விலகினால் என்ன, ஒரு குடும்பத்தால் பணம் கட்ட முடியாமல் போனால் என்ன, ஊழியரை நீக்குவது யார், காலியான அறைக்கு யார் வரலாம் என்று முடிவு செய்வது யார் (அங்கே வாழ்கிறவர்களுக்கு அதில் குரல் இருக்க வேண்டும்), பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளை சார்பில் யார் பேசுவார்.

வீட்டுக்கு உரிமையாளர் ஒரு அமைப்பு, பராமரிப்பை நடத்துவது வேறு அமைப்பு என்று பிரித்து வைத்தால் நல்லது. நாங்கள் மூன்றாவது வருடம்தான் இதைச் செய்தோம். பராமரிப்பு சரியில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம், பிள்ளை தன் அறையையும் படுக்கையையும் இழக்க வேண்டியதில்லை.

ஆள் கணக்கை எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்த நேரமும் ஒரே ஒருவர் வீட்டில் இருப்பதற்கே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, உடம்பு சரியில்லாமல் போவது, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நான்கிலிருந்து ஐந்து. ஆறு பேர் இருக்கும் வீட்டில் காலையிலும் மாலையிலும் ஒருவர் போதாது. நாங்கள் மூன்று பேரை வைத்துத் தொடங்கினோம். முதல் வருடம் பாதி நாட்கள் பெற்றோர்தான் ஷிப்ட் பார்த்தோம்.

அதைவிடப் பெரிய தொல்லை நாங்களே. ஆறு வீட்டு அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் செய்து ஆளுக்கொரு உத்தரவு போடுவோம். நான்கு ஊழியர்கள் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். ஐந்தாவதாகப் போன பெண் கதவருகே நின்று, "சார், உங்க பொண்ணைப் பார்த்துக்கறது கஷ்டமே இல்லை" என்று சொல்லிவிட்டு மேலே ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்குப் பிறகுதான் ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்து, எல்லா விஷயமும் அவர் வழியாக, பெற்றோர் கூட்டம் மாதம் ஒன்று என்று கட்டுப்பாடு வைத்தோம்.

வெளியாள் கண் ஒன்று கட்டாயம் வேண்டும். தொடங்கும் முன், குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற அமைப்புகளைப் பற்றி நாங்கள் நிறையப் படித்தோம். வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் கார்ல் கோனிக் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து 1940இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில், ஜான் வனியே 1964இல் பிரான்ஸில் ஒரு கிராமத்து வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள இரண்டு பேரைக் கூட்டிவந்து தொடங்கி இன்று 30க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிற லார்ஷ். லார்ஷ் பற்றிப் படித்தபோது எனக்குக் கண்ணீரே வந்தது, நாமும் இப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு செய்ய வேண்டும் என்று. பிறகு 2020இல் அந்த அமைப்பே வெளியிட்ட விசாரணை அறிக்கை, வனியே ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தார் என்று சொன்னது. 2023இல் வந்த விரிவான அறிக்கை குறைந்தது 25 பெண்கள் என்றது. அந்தப் பெண்களில் அங்கே வாழ்ந்த குறைபாடுள்ளவர்கள் இருந்ததாகத் தெரியவரவில்லை. அந்த வீடுகளில் நல்ல வாழ்க்கை நடந்ததும் உண்மைதான். ஆனால் எல்லோரும் மகானாக நினைக்கிற ஒருவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனது என்னை உலுக்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு இப்போது பெற்றோரோ ஊழியரோ அல்லாத இரண்டு பேர், எப்போது வேண்டுமானாலும் வருகிற உரிமையோடு வருகிறார்கள். பிள்ளைகளோடு தனியாகப் பேசுகிறார்கள். எங்கள் மேலும் புகார் வந்திருக்கிறது.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. ஆறு குடும்பத்துப் பெற்றோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இன்னும் 15 வருடத்தில் கூட்டம் நடத்தவே ஆள் இருக்காது. இப்போது நாற்பதுகளில் இருக்கும் பெற்றோர் இரண்டு பேரை நிர்வாகத்தில் சேர்த்திருக்கிறோம். நீங்கள் முதல் நாளே அதைச் செய்யுங்கள்.


தங்கச்சி:

அம்மா, நான் உங்கள் மகள் இடத்தில் இருப்பவள். அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். எந்த வயதில் அனுப்புவது என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். "எனக்கு முன்னாடி அவன் போயிடுவான்" என்பார். அவர் காலத்து டாக்டர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில்கூட டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதைச் சுற்றித்தான் இருந்தது, இன்று அது கிட்டத்தட்ட 60. அம்மா போனபோது அண்ணனுக்கு 44.

அம்மா இறந்த ஒன்பதாவது நாள் அவனை ஒரு இல்லத்தில் சேர்த்தோம். எனக்கு அப்போது கைக்குழந்தை, வேறு வழி தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒன்பது நாளில் அம்மா, வீடு, கட்டில், ஜன்னல் வழியாகத் தினமும் கையசைக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாம் ஒரே அடியாக இல்லை. அம்மா எங்கே என்று அவனுக்கு யாரும் சரியாகச் சொல்லவும் இல்லை, "ஊருக்குப் போயிருக்கா" என்று நான்தான் சொன்னேன். தினமும் சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் அருகே உட்கார்ந்திருப்பானாம். நாலு மாதத்தில் பேச்சு நின்றது, எடை குறைந்தது. டிமென்ஷியா வந்துவிட்டது, இந்த வயதில் இவர்களுக்கு வரும் என்று அங்கே சொன்னார்கள். வரும்தான், நாற்பதுக்கு மேல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் ரத்தப் பரிசோதனை செய்தபோது தைராய்டு ரொம்பக் குறைந்திருந்தது, டவுன் சிண்ட்ரோமில் அதுவும் சகஜம், வருடம் ஒருமுறை பார்க்க வேண்டியது. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மீதி எல்லாம் துக்கம்.

இப்போது வேறு ஒரு சின்ன வீட்டில் நான்கு பேரோடு இருக்கிறான். அம்மா இறந்துவிட்டார் என்று படம் காட்டி, சமாதிக்குக் கூட்டிப்போய், திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதான். அதற்குப் பிறகு கேட்டில் உட்காருவதில்லை. பேச்சு முக்கால்வாசி திரும்பியிருக்கிறது.

நீங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கும்போதே அனுப்புங்கள். அவன் வார இறுதியில் வந்து போக ஒரு வீடும், போய்ச் சேர்ந்த இடத்தில் சண்டை போட்டு எதையாவது மாற்ற ஒரு அம்மாவும் இருக்கட்டும். உங்கள் மகளுக்குக் கூடப்பிறந்தவளாக இருக்கிற இடம் மட்டும் மிஞ்சினால், அவள் அதை நன்றாகவே செய்வாள். நான் இப்போதுதான் என் அண்ணனுக்குத் தங்கச்சியாக இருக்கிறேன்.


வெட்டவெளி:

எல்லோரும் சின்ன வீடு சின்ன வீடு என்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். என் மகனுக்கு 27, தீவிர ஆட்டிசம், ஓடுவான். கதவு திறந்திருந்தால் போதும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு வருடம் வைத்தோம், கதவு எப்போதும் பூட்டியே இருந்தது, அவன் அந்தக் கதவை அடித்து அடித்துக் கை வீங்கியதுதான் மிச்சம். இப்போது 40 பேர் வாழும் ஒரு வளாகத்தில் இருக்கிறான். பெரிய நிலம், மாடுகள், சுற்றிலும் வேலி. காலையில் எழுந்ததும் வேலியோரமாக இரண்டு சுற்று ஓடிவிட்டு வருகிறான், யாரும் தடுப்பதில்லை. தூங்குகிறான், 11 வருடத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்குகிறான். இதை "நிறுவனம்" என்று சொல்லித் திட்டினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.


இரவுப்பணி:

அக்கா, திட்டவில்லை. அவன் ஓட முடிகிறது என்றால் பூட்டிய சின்ன வீட்டைவிட அது அவனுக்கு நல்ல இடம்தான், நான் அதை மறுக்க மாட்டேன். என் கவலை ஒன்றுதான். வளாகத்துக்குள்ளேயே வேலை, கடை, மருத்துவம், நண்பர்கள் எல்லாம் அடங்கிவிட்டால் வெளியிலிருந்து வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். உள்ளே ஏதாவது தவறு நடந்தால் பார்க்கும் கண்கள் குறையும். நீங்கள் அடிக்கடி போகிறவர் என்று தெரிகிறது. யாரும் வராத பிள்ளைகள் அந்த 40இல் எத்தனை பேர் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் உங்கள் மகனைப் பார்க்கும்போது அவர்களில் ஒருவரையும் பாருங்கள்.


நான்காவதுஅறை:

நான் ஆட்டிசம் உள்ளவன். வயது 38. மூன்று பேரோடு ஒரு வீட்டில் 6 வருடமாக வாழ்கிறேன். ஊழியர் பகலில் வருவார், ராத்திரி ஒருவர் பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பார். எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம், அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் எங்களை எங்கே வைப்பது என்று பேசுகிறீர்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதில் பிரிவு 19 சொல்வது, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே நாங்களும் தேர்ந்தெடுக்கலாம், குறிப்பிட்ட ஒரு வகை இடத்தில்தான் வாழ வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கூட்டு இல்லம் தவிர வேறு வழிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1990இல் தொடங்கிய கீரிங் என்ற ஏற்பாட்டில், ஒரே சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய பத்துப் பேர் அவரவர் வீட்டில் வாழ்கிறார்கள், அருகிலேயே குடியிருக்கும் ஒரு தன்னார்வலர் அவர்களை இணைக்கிறார். பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் நூற்றாண்டுகளாகக் குடும்பங்கள் மனநோயும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டு வாழ்கின்றன. உங்கள் மகனுக்கு எது சரி என்று எனக்குத் தெரியாது.

அவனிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். வாயால் கேட்காதீர்கள். அங்கே கூட்டிப்போங்கள். ஒரு மணி நேரம், பிறகு ஒரு மதியம், பிறகு ஒரு ராத்திரி. அந்த வீட்டின் படத்தை அவன் அறையில் ஒட்டுங்கள். அடுத்த தடவை கிளம்பும்போது அவன் செருப்பை எடுக்கிறானா, கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறானா? அதுதான் பதில். இரண்டு வீடு காட்டினால்தான் அது தேர்வு. ஒரே வீட்டைக் காட்டி "பிடித்திருக்கிறதா" என்று கேட்பதில் தேர்வு இல்லை.

என் வீட்டில் எனக்குப் பிடித்தது என் அறைக் கதவின் சாவி என்னிடம் இருப்பது. யாரும் தட்டாமல் வர மாட்டார்கள். பிடிக்காதது, ஊழியர் மாறும்போது முன்கூட்டிச் சொல்லாதது. உங்கள் மகன் போகும் இடத்தில் நாளை யார் வருவார் என்று ஒரு பலகையில் புகைப்படத்தோடு போடச் சொல்லுங்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது, நான் கேட்ட பிறகுதான் போட்டார்கள்.

எல்லோரோடும் நட்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் ஒருவரோடு நண்பன். மற்ற இருவரோடு வணக்கம் மட்டும். அது போதும்.


சாயங்காலம்:

பதில் எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. உடனே எழுத முடியவில்லை, மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பதிலையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். தங்கச்சி எழுதியதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனார், பிறகு அவரே வந்து மீதியையும் கேட்டார். கடைசி வரியை மகளுக்கு அனுப்பினேன். அவள் ரொம்ப நேரம் கழித்து போன் செய்து அழுதாள். மாப்பிள்ளையும் பேசினார். மாதம் இரண்டு ஞாயிறு மகனைத் தன்னோடு வெளியே அழைத்துப்போகிறேன் என்று அவராகவே சொன்னார், இதுவரை ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அந்த ஐந்து பெற்றோரிடம் வீட்டுப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு முதலில் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் பார்க்கட்டும் என்றோம். ஒருவருக்கு இதில் வருத்தம், விலகிவிட்டார். மற்றவர்கள் சம்மதித்தார்கள். இதுவரை நான்கு வார இறுதி ஆகியிருக்கிறது. இன்னொரு பக்கம், ஏற்கெனவே நடக்கிற ஒரு இல்லத்தையும் போய்ப் பார்த்தோம், அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டினார்கள், தனித்தனியாகத்தான் இருந்தது. ஊழியர் மாற்றம் பற்றிக் கேட்டபோது மட்டும் பதில் தெளிவாக வரவில்லை. மறுபடி சொல்லாமல் போக வேண்டும். இரண்டு இடத்துப் படங்களும் இவன் அறைச் சுவரில் இருக்கின்றன.

முதல் வார இறுதியில் ராத்திரி 11 மணிக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், வாசலிலேயே நின்றான், உள்ளே வரவே மாட்டேன் என்று. நான் போய்க் கூட்டிவந்துவிட்டேன். மூன்றாவது வாரம் ராத்திரி தங்கினான். நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை காலையிலேயே பையை எடுத்து வைத்து, அதில் நான்கு சட்டையை மடித்து அடுக்கியிருந்தான். ஒரு ராத்திரிக்கு நான்கு சட்டை.

நோட்டில் 22 பக்கம் எழுதியாகிவிட்டது. ஷேவிங்குக்கு எலக்ட்ரிக் டிரிம்மர் வாங்கினோம். அந்தச் சத்தத்துக்குப் பழகவே ஐந்து வாரம் பிடித்தது, முதலில் அணைத்து வைத்தபடி கையில் பிடிப்பது, பிறகு ஓடவிட்டு முழங்கையில் வைப்பது, பிறகு தாடை. வார இறுதி வீட்டில் வேலை பார்க்கும் தம்பியிடமும் இதைச் சொல்லியிருந்தேன். போன ஞாயிறு கூட்டிவரப் போனபோது இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி தன் கன்னத்தில் செய்து காட்ட, இவன் பார்த்துப் பார்த்துத் தானே செய்துகொண்டிருந்தான். வலது கன்னம் முடிந்திருந்தது. இடது பக்கம் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கண்ணாடியிலேயே பார்த்தான், அப்புறம் டிரிம்மரை அந்தத் தம்பியிடம் நீட்டினான்.